வடக்குப் பாட்டில் ஒரு படகு

வடக்குப் பாட்டில் படகு போகிற சத்தத்தை முதலில் கேட்டது நான். அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் அதை வைத்து என் புருஷனைத் திருடனாக்குவான் என்று நினைக்கவில்லை.

எங்கள் ஏரியில் இறால் விழுகிற இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கங்கையம்மன் கோயிலில் குடத்துக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அந்த வீடுகள் அந்த முறைக்கு அங்கே வலை கட்டலாம். முறை இல்லாதவன் அந்தத் தண்ணீரில் கழி ஊன்றக் கூடாது. மழை கொட்டினாலும் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். ஓடைமேட்டுக்குப்பத்தில் பொய் பேசுகிறவன் உண்டு. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் உண்டு. முறை இல்லாத பாட்டில் நுழைந்தவன் கிடையாது. நுழைந்தால் தலைக்கட்டை எடுத்துவிடுவார்கள். தலைக்கட்டு என்பது ஒரு வீட்டு ஆணின் பங்கு. அது போனால் அந்த வீட்டுச் சீட்டு குடத்தில் விழாது. பிள்ளைகளுடைய சீட்டும் விழாது. கடலுக்குப் போகிற பெரிய படகு இல்லாதவனுக்கு அதற்குமேல் ஒன்றும் மிச்சமில்லை.

என் புருஷன் காத்தவராயனிடம் பெரிய படகு கிடையாது. என் கல்யாணத்துக்கு அப்பா, எங்கள் நைனா, கொடுத்த சின்னப் படகு ஒன்றுதான்.

எதிர்க்கரையில் துறைமுகம் வந்தபிறகு ஏரிக்குள் குஞ்சு இறால் வரத்து நின்றுபோயிற்று. இறால் கடலில் முட்டை போடும். குஞ்சு, கடல் ஏறுகிற நேரத்து ஏற்றத்தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, புல்லுக்குள் ஒளிந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். இது எல்லாருக்கும் தெரியும். புல் எங்கே இருக்கிறது என்று அது சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்பதை துறைமுகம் ஏற்பாடு செய்த நிறுவனத்துக்காரர்கள் வந்துதான் சொன்னார்கள். புல்லுக்குள் இருக்கிற நண்டும் சொடுக்கு இறாலும் சேர்ந்து போடுகிற சத்தம் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல இருக்குமாம். வடக்குப் பாட்டில் அழைப்புத்தூண்கள் நடுவோம், குஞ்சு தேடி வரும், ஆனால் அந்தப் பாட்டைச் சில வருஷம் மூடிவைக்க வேண்டும் என்றார்கள். யார் காவல் காப்பது என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

அண்ணன் தேசப்பன் அப்போதுதான் ஊருக்குப் பெரியதனம் ஆகியிருந்தான். கோயில் வாசலில் நின்று சொன்னான்: "காவலா? எங்காளு முறை இல்லாத தண்ணில ஒண்ணுக்குக்கூட போவமாட்டான் சார்."

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அது பத்து வருஷத்துக்கு முன்னால். நடுவில் நான் டிப்ளமோவில் சேர்ந்து ரெண்டாம் வருஷம் விட்டுவிட்டேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. காலையில் எழுந்து போய் ஒரு வரிசையில் உட்காரப் பிடிக்கவில்லை. அண்ணன்தான் நிறுவனத்தின் கேட்பறையில் ராத்திரி வேலை வாங்கிக் கொடுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஏற்ற நேரத்தில் சத்தம் நின்றாலோ புதிதாக ஏதாவது கேட்டாலோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மனிதர் முகம் பார்க்கத் தேவையில்லாத வேலை. எனக்கு ஒத்துவந்தது.

காலையில் குழாயடியில் பெண்கள் கேட்பார்கள்.

"பூங்கா, இன்னா சொல்லுது ஏரி?"

"நல்லா கீது யக்கா. பொரிஞ்சிகினு கீது."

ஊர்க்கூட்டத்தில் யாராவது முனகினால் அண்ணன் அதையே எடுத்துப் போடுவான். "எந்தங்கச்சியே ராத்திரி பூரா ஒக்காந்து கேட்டுகினு கீறா. ஏரி உசுரோட கீது. பொறுங்கடா." முதல் ரெண்டு வருஷம் மற்ற பாடுகளில் கொஞ்சம் இறால் விழுந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஊர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த வருஷம் தை மாசத்துக்குப் பிறகு ஹெட்போனில் சத்தம் கூடிவிட்டது. ஏரி தேறுகிறது என்று நினைத்தேன். கூடவே அந்தப் படகும் கேட்க ஆரம்பித்தது. ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வரும். தண்ணீர் பலகையில் உரசுகிற சத்தம், அதற்குள் ஓர் இரும்பு வளையம் ஆடுகிற சத்தம். மெதுவாகக் கடந்து போய்விடும். ஏற்றத்தோடு வருகிறான் என்றால் விஷயம் தெரிந்த திருடன்தான்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கோபம் என்று நினைத்தேன்.

"வளையம் ஆடுதா?"

"ஆமாண்ணா."

"வளையம் ஆடற படகு ஊர்ல ஒண்ணுதான் கீது பூங்கா."

அது எங்கள் படகுதான் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் அவனிடம் மட்டும் போனேன். காத்தவராயனைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவான், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணனோ நிறுவனத்தில் பதிவை வாங்கிவந்து கோயில் மைக்கில் போட்டான். வளையம் ஊர் முழுக்கக் கேட்டது. கிழவர்கள்கூடத் திரும்பி என் புருஷனைப் பார்த்தார்கள். அடுத்த குலுக்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தலைக்கட்டை எடுப்பது என்று முடிவாயிற்று. குலுக்கல் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

வீட்டில் காத்தவராயன் சோலார் விளக்கைப் பிரித்துப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நீ போனியா?"

"எங்க?"

"தெரியாத மாரி கேக்காத."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒங்கண்ணன் கேட்டான். ஊரு கேட்டுது. நீ கேப்பன்னு நெனைக்கல மே."

"ராத்திரில நான் வீட்டுல இல்ல. எனக்கு இன்னா தெரியும்?"

"படகு வாசல்லதான் கட்டிக் கீது. அத்தப் போயி கேளு." மறுபடியும் திருப்புளியை எடுத்தான். "நா தூங்கறவன் மே. ஒன்ன மாரி முழிச்சிகினு கெடக்கறவன் இல்ல."

நம்பினேனா என்றால், பாதிதான் நம்பினேன். ஹெட்போனில் கேட்டதை அதைவிட அதிகமாக நம்பினேன்.

மறுநாள் காலை வேலை முடிகிற நேரத்தில் டாக்டர் ரேணுகோபால் கேட்பறைக்கு வந்தார். நிறுவனத்தின் இறால் விஞ்ஞானி. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவர். மேசையில் இருந்த தன் கண்ணாடிக் குப்பிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பேச்சுக்காகத்தான் கேட்டேன். "இந்த வருஷம் சத்தம் ஜாஸ்தியா கீதே சார். ஏரி தேறிடுச்சா?"

"நான்தான் ஏத்தினேன். தை மாசம், ரெண்டு மடங்கு."

"எத்த?"

"தூணோட ஒலிய."

"நான் கேக்கறது ஏரி சத்தம்ல?"

அவர் கையில் இருந்த குப்பியைப் பெட்டிக்குள் வைக்காமல் நின்றார். "உங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையா?"

"இன்னாத்த?"

"அது பதிவும்மா. திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அங்க புல் இருந்தப்ப, தண்ணிக்குள்ள எடுத்த பதிவு. ஏத்தம் தொடங்கினா தூண் அதைத் திரும்பப் போடும். தூண் ஓடுதான்னு பாக்கத்தான் உங்க ஹெட்போன்."

"அப்ப ஏரி?"

"ஏரில சத்தம்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல. துறைமுகச் சேறு வந்து படிஞ்சு புல்லு செத்துப்போச்சு. மூணாவது வருஷமே."

நான் உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே பேசினார். பல நாளாக யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவர்போல இருந்தது.

"சத்தத்தைக் கேட்டு குஞ்சு உள்ள வந்துச்சு. வந்தா ஒளியறதுக்குப் புல்லு இல்ல. மொத்தமும் மீன் வாய்க்குப் போச்சு. எல்லாக் குஞ்சுக்கும் ஒரே மாதிரி காது கிடையாது பூங்காவனம். சிலதுக்குச் சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் திரும்பத் தோணாது. அதெல்லாம் தூணைத் தாண்டிப் போயி, வெளிய எங்கயோ ஒரு கல்லுல, ஒரு கழிமுகத்துல ஒண்டிப் பொழைச்சுது. முட்டை போட்டது அதுங்க மட்டும்தான். இறாலுக்கு வருஷம் ஒரு தலைமுறை. ஏழு தலைமுறையா, கூப்பிட்டு வந்ததைக் கொன்னு, வராததை வளர்த்திருக்கோம்."

"இப்ப கடல்ல கீற குஞ்சு?"

"பெரும்பாலும் வராத வம்சம். அதான் வரத்து குறைஞ்சுது. அதான் சத்தத்தை ஏத்தச் சொன்னாங்க."

"செவிடா சார் அதுங்க?"

"கேக்கும்" என்றார். "வராது."

"தூண நிறுத்தி, புல்லு நட்டா?"

"புல்லு வளரலாம். அதோட சத்தத்துக்கும் இதுங்க வராதே. உண்மையான சத்தம், பொய்ச் சத்தம்னு அதுக்கு என்ன தெரியும்?"

"எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். துறைமுகத்துக்கு அனுமதி இந்தக் குஞ்சுக் கணக்குல நிக்குது. தூண்கிட்ட வந்ததை எண்ணுவாங்க. வந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எண்ணச் சொல்லி எங்கயும் இல்ல." பெட்டியை மூடினார்.

"எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது. சத்தத்தை ஏற்றியது தை மாசம். படகு கேட்க ஆரம்பித்ததும் தை மாசம். தூண் ஓடுவதும் ஏற்றத்தோடு, படகு வருவதும் ஏற்றத்தோடு. அப்படியென்றால் படகு ஏரியில் இல்லை, அந்தப் பழைய பதிவுக்குள் இருக்கிறது.

இதை ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எந்த ஆணும் அங்கே போக முடியாது. அது மூடிய பாடு. யாருக்கும் முறை இல்லை. தேசப்பன் காவல் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான் உதவியிருக்கிறது. பத்து வருஷம் ஒருத்தனும் போய்ப் பார்க்கவில்லை.

பெண்களுக்குப் பாடு கிடையாது. தலைக்கட்டு கிடையாது. ஓரத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்போம். அதற்கு முறையும் இல்லை, தடையும் இல்லை. எங்களைச் சேர்க்க யாரும் நினைக்காததால் விலக்கவும் நினைக்கவில்லை.

அண்ணி வேதவல்லியைக் கூப்பிட்டேன். தேசப்பன் பெண்டாட்டி. ஊரில் கைதடவலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இடுப்பில் இறால் போடுகிற பறியைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறும்போது கிளம்பினோம்.

"அவ்ளோ தூரம் இன்னாத்துக்குடி? அங்க இன்னா ஒனக்கு மாமியா வீடா?"

"பத்து வருசமா யாரும் கைவெக்கல அண்ணி. பறி ரொம்பிடும்ல?"

"ரொம்பிச்சின்னா ஒங்கண்ணனுக்குத் தெரியாம வித்துரணும். தெரிஞ்சா ஊர்ப்பணம்னுவான்." சிரித்துக்கொண்டே வந்தாள்.

வடக்குப் பாட்டுக்குள் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. முழங்கால்வரை சேறு. வழவழப்பான, கறுத்த சேறு. கையை விட்டால் ஒரு வேர் தட்டவில்லை. ஒரு நண்டு கடிக்கவில்லை. அண்ணி குனிந்து தடவிக்கொண்டே ரொம்ப தூரம் போனாள். பறியில் ஒன்றும் இல்லை.

"இன்னாடி இது, பொணத்தத் தொட்ட மாரி கீது. இங்கதானே புல்லு காலச் சுத்தும்?"

"தூணாண்ட வா அண்ணி."

தூண் பக்கத்தில் மார்பளவு தண்ணீர். ஏற்றம் தொடங்கும்வரை நின்றோம். தொடங்கியதும் மூச்சைப் பிடித்துத் தலையை முக்கினேன். கடுகு பொரிந்தது. நான் வருஷக்கணக்கில் காதில் வாங்கிய அதே பொரிச்சல், இப்போது தூணின் வயிற்றிலிருந்து வந்தது. எழுந்து மூச்சுவாங்கி மறுபடியும் முக்கினேன். பலமுறை. கடைசியில் படகு வந்தது. தண்ணீர் பலகையில் உரசியது, வளையம் ஆடியது. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை வெறும் தண்ணீர்.

திரும்ப முக்கினேன். தூணோடு காதை ஒட்டியபோது ஹெட்போனில் கேட்காத இன்னொன்றும் கேட்டது. கழி சேற்றில் இறங்குகிறது. மேலே வருகிறது. படகின் விளிம்பில் ரெண்டு தட்டு. திரும்ப இறங்குகிறது. திரும்ப ரெண்டு தட்டு.

சேற்றை உதற அப்படித் தட்டுகிறவன் ஒருத்தன்தான். மீன் கலைந்துவிடும் என்று நைனா அதற்காகவே அவனைக் கழியால் அடித்திருக்கிறார். அவன் விடவில்லை. இன்னமும் அப்படித்தான் தட்டுகிறான்.

என் கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவனும் அவன்தான். பதிவு எடுக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்ததும் அவன்தான். கோயில் மைக்கில் வளையச் சத்தத்தைப் போட்டபோது, அண்ணன் போட்டது அவனுடைய சத்தத்தையே.

அண்ணியும் முக்கியிருந்தாள். எழுந்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டுதா அண்ணி?"

"போலாம் வா. தண்ணி ஏறுது."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் குடம் வைத்திருந்தது. காத்தவராயனைப் பதில் சொல்லச் சொன்னார்கள். "நா போவல" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச வராது. நான் எழுந்தேன். தூணில் பதிவு ஓடுகிறது, படகு பதிவுக்குள் இருக்கிறது, புல் செத்து ஏழு வருஷம் ஆகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கழியின் ரெண்டு தட்டையும் சொன்னேன்.

கூட்டம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்.

"நீ வடக்குப் பாட்டுக்குள்ள போனியா?"

"போனேன். பொம்பளைக்குப் பாடு இல்ல. முறையும் இல்ல. எந்த முறைய ஒடைச்சேன்? சொல்லுங்க."

முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டினார். "அது ஞாயம்தான்."

"ஞாயம்தான்" என்றான் அண்ணன். குரலில் கோபமே இல்லை. "பொம்பளைக்குப் பாட்டுல முறை இல்ல. அதனால குத்தமும் இல்ல. ஆனா முறை இல்லாதவ பாட்டைப் பத்தி சாட்சி சொன்னா, அத்த எந்த முறைல எடுத்துக்கறது?"

"அப்ப ஒரு ஆம்பள போயி கேட்டுட்டு வாங்க. தலையத் தண்ணில முக்கினா போதும். யாரு போறீங்க?"

ஒருத்தனும் அசையவில்லை. பக்கத்து வீட்டு ஏகாம்பரம், என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன், தரையைப் பார்த்தான். போனால் அவன் தலைக்கட்டும் போகும்.

"எங்கூட வந்தவங்களக் கேளுங்க. அண்ணிய."

எல்லாரும் திரும்பினார்கள். வேதவல்லி அண்ணி முந்தானையை இழுத்துச் சொருகினாள். "எனக்கு இன்னா தெரியும்? காதுல தண்ணி பூந்துச்சி. ஒண்ணும் கேக்கல."

குடத்திலிருந்து காத்தவராயன் சீட்டை எடுத்து அண்ணன் கிழித்தான். குலுக்கல் நடந்தது. பேர் வந்தவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு கோயில் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போனேன்.

"தெரிஞ்சிதான பண்ண?"

காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "படகு பதிவுல கீதுன்னு சொன்னா, பதிவு கீதுன்னு சொல்லணும். அத்த சொன்னா ஏரி செத்துச்சின்னு சொல்லணும். பத்து வருசம் ஊரப் பூட்டி வெச்சவன் நானு. என்னய இன்னா பண்ணுவானுங்க தெரியுமா?"

"அதுக்கு எம்புருசன் கெடச்சானா?"

"வேற யாருனா ஒருத்தன் குடும்பத்த ஒழிக்கச் சொல்றியா? நம்ம வீட்டு ஆளுன்னா நா பாத்துக்குவேன். கொஞ்ச நாள் போவட்டும். திரும்ப சேத்துக்கலாம்."

"என்னய எதுக்கு அங்க வேலைக்கு வெச்ச?"

அவன் குழாயை மூடினான். "நீ சொன்னா ஊரு நம்பும் பூங்கா."

மறுநாள் காலை காத்தவராயன் படகை அவிழ்த்தான். எங்கே என்று கேட்டேன்.

"வடக்குப் பாட்டுக்கு. இப்ப எனக்கும் தலைக்கட்டு இல்ல. ஒன்ன மாரிதான் நானும். எவன் கேப்பான்?" முதல்தடவையாகச் சிரித்தான். "அந்தப் படகு எப்டிதான் போவுதுன்னு நானும் கேக்கறேன். ஏறு மே."

கரையில் ஊர் நின்று பார்த்தது. படகு பாட்டின் எல்லையைக் கடந்தபோது யாரோ "டேய்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அதட்டினாலும் எங்களிடமிருந்து பிடுங்க இனி ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

ஏற்றம் தொடங்கியது. காத்தவராயன் இறங்கித் தலையை முக்கினான். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு தட்டு" என்றான். நான் வயர் வெட்டுகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டிப்ளமோவில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். தூண் தூணாகப் போய் வெட்டினோம். கடைசித் தூணில் பொரிச்சல் பாதியில் நின்றது.

தலையை முக்கிக் கேட்டேன். என் மூச்சுக் குமிழிகள்தான் கேட்டன. உண்மையான ஏரியை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

குஞ்சு வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஏற்றம் முடியும்வரை படகிலேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் உள்ளே வந்தது, நிறைந்தது, நின்றது. தெளிந்த தண்ணீர். அதில் ஒன்றும் இல்லை. வெளியே கடலில் அந்த வம்சம் எங்கேயோ ஒண்டிக்கொண்டிருக்கும். எத்தனை பிறவிக்குப் பிறகு ஒன்று இந்தப் பக்கம் திரும்பும் என்பதை ரேணுகோபாலும் சொல்லவில்லை.

கரையில் அண்ணன் வந்து நின்றான். தண்ணீரில் கால் படாமல் எல்லையிலேயே நின்றான். அவனுக்குத் தலைக்கட்டு இருக்கிறதே. கையை வாயருகே குவித்தான்.

"பூங்கா! ஏ பூங்கா! வந்துரும்மா, பேசிக்கலாம்! பூங்கா!"

சின்ன வயசில் விளக்கு வைத்தபிறகும் கரையில் ஆடிக்கொண்டிருந்தால் இதே குரலில்தான் சாப்பிடக் கூப்பிடுவான்.

"கூப்பிடறான் மே" என்றான் காத்தவராயன்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் படகின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.